வாழ்நாளில் வெளிவந்த படங்களை வரிசைப்படுத்துதல்: இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒருவரிடம் பிடித்த பத்துப் படங்களைக் கேட்டால், அவர் நாற்பது வயதைத் தாண்டாதவராக இருந்தாலும், ஐந்தாவது பெயருக்குள் ஓர் எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ வந்துவிடும். 1964 இல் வந்த படகோட்டியை 1985 இல் பிறந்த ஒருவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. தகப்பனார் பார்த்ததை அவரும் பார்த்தார், தகப்பனார் இரசித்த இடத்தில் அவரும் இரசித்தார். ஆனால் அந்தப் படத்தைத் தெரிவு செய்தவர் அவர் அல்லர். தம் வாழ்நாளில் வெளிவந்த படங்களை மட்டும் வரிசைப்படுத்துவது என்ற கட்டுப்பாட்டின் பயன் இங்கேதான் இருக்கிறது: கையளிக்கப்பட்ட இரசனையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தாமாகத் தேடிக்கொண்டது எது என்று பார்க்க அது வழிவிடுகிறது.

இந்த வேலைக்கு ஒரு சீ.ஆர். கொப்பியும் (கெட்டி அட்டை போட்ட பெரிய குறிப்பேடு) சில வாரங்களின் ஓய்வு நேரமும் போதும். ஒரே இரவில் முடிக்க முயல வேண்டாம்.

விதியை முதலில் எழுதுதல்

கொப்பியின் முதற் பக்கத்தில், எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிடித்த படமும் சிறந்த படமும் ஒன்றல்ல. மணிரத்னத்தின் நாயகனை டைம் சஞ்சிகை 2005 இல் தனது நூறு படங்களின் பட்டியலில் சேர்த்தது. அது அந்தப் படத்தின் பெருமைக்குச் சான்று, உங்கள் விருப்பத்துக்குச் சான்று அன்று. 1996 இல் வந்த உள்ளத்தை அள்ளித்தா படத்தை நாயகனுக்கு மேலே வைக்க உங்கள் மனம் சொல்லுமானால், பிடித்த படங்களின் பட்டியலில் அதற்கு அந்த இடத்தைக் கொடுப்பதே நேர்மை. இரண்டு அளவுகோல்களையும் கலந்து, பாதி மரியாதைக்கும் பாதி ஆசைக்குமாகச் செய்யப்படும் பட்டியல்களே அதிகம்; அவற்றைப் படித்தால் எழுதியவரைப் பற்றி எதுவும் தெரியவராது. சிறந்த படங்களையும் பதிய விரும்பினால் அதற்கு வேறொரு பக்கம் வையுங்கள்.

எல்லையைக் கீறுதல்

எல்லை பிறந்த ஆண்டு அன்று, பிறந்த திகதி. நாயகன் 1987 ஒக்டோபரில் தீபாவளிக்கு வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்தவருக்கு அது இரண்டு மாதத்தால் தவறிப்போகிறது. மனம் கேட்காதுதான், ஆனால் இங்கே ஒருமுறை சலுகை கொடுத்தால் அடுத்ததாக 1979 இன் உதிரிப்பூக்களும் 1978 இன் முள்ளும் மலரும் வாசலில் வந்து நிற்கும். எல்லைக்கு வெளியே விழும் படங்களுக்குக் கொப்பியின் கடைசியில் முதுசம், அதாவது முன்னோர் விட்டுச்சென்ற சொத்து, என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தை வரிசைப்படுத்த வேண்டியதில்லை. மறுபுறம், நீங்கள் தொட்டிலில் கிடந்தபோது வெளியாகிப் பதினைந்து வயதில் பார்த்த படம் முழு உரிமையோடு பட்டியலுக்குள் வரும், ஏனெனில் கணக்கில் எடுப்பது வெளியீட்டைத்தான்.

வெளியீடு என்பதற்கும் ஒரு வரையறை வேண்டும். வெற்றிமாறனின் விசாரணை 2015 இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு 2016 பெப்ரவரியில் திரையரங்குக்கு வந்தது. காக்கா முட்டை 2014 இல் டொரன்டோ விழாவுக்குச் சென்று 2015 ஜூனில் வெளியானது. திரையரங்கில் முதன்முதலாக வந்த திகதியை, திரையரங்குக்கே வராத படமானால் இணையத்தில் வந்த திகதியைக் கொள்வது இலகு. சார்பட்டா பரம்பரையும் ஜெய் பீமும் (இரண்டும் 2021) அப்படி வந்தவையே. மீள்வெளியீடு கணக்கில் இல்லை: கில்லி 2024 இல் மீண்டும் திரைக்கு வந்து கூட்டம் சேர்த்தாலும் அது 2004 இன் படம்தான். மொழிமாற்றப் படத்துக்கு மூலப்படத்தின் திகதியே திகதி. சலங்கை ஒலியைத் தமிழில் பார்த்தவர்கள் 1983 இன் தெலுங்கு மூலத்தின் ஆண்டையே எழுத வேண்டும். மறுஆக்கம் தனிப்படம், ஆகவே 2013 இன் த்ரிஷ்யமும் 2015 இன் பாபநாசமும் இரண்டு பதிவுகள். இரு பாகப் படங்களை, விடுதலையைப் போல ஒரே கதை அறுபட்டு 2023 இலும் 2024 இலும் வந்தால், ஒரே பதிவாக வைக்கலாம் என்பது என் கருத்து. பிரித்து வைப்போருக்கும் நியாயம் உண்டு.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு ஆண்டுகள்

சென்னையில் இருக்கும் ஒருவருக்கு இந்தப் படி தேவைப்படாமல் இருக்கலாம். நமக்கு மிகவும் தேவை. இந்தக் கரையில் ஒரு படம் வெளிவந்த ஆண்டும் அது நம்மிடம் வந்து சேர்ந்த ஆண்டும் நெடுங்காலம் வெவ்வேறாகவே இருந்தன. 1982 இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய காலத்தை ஒட்டி, மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவர்களின் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியும், வீடியோ கசெட் போடும் டெக்கும் வந்து சேர்ந்தன. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் அப்படி ஒரு வீட்டின் முன்னறை அயலவர் அனைவருக்கும் தியேட்டரானது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் ஊர்கள் இடம்பெயர்ந்தன. தளபதியும் குணாவும் 1991 நவம்பரில் ஒரே நாளில் வெளியானபோது, அவற்றை அந்த ஆண்டே பார்க்கும் நிலையில் இருந்தவர்கள் இங்கே மிகக் குறைவு.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் இல்லாத காலத்தில் படம் பார்ப்பது ஊரே கூடிச் செய்யும் காரியம். காசு சேர்த்து ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, இரைச்சல் வசனத்தை விழுங்காதபடி ஜெனரேட்டரை வேலிக்கு அப்பால் வைத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கினால் யாராவது ஒருவர் டெக்கின் மூடியைக் கழற்றி ஹெட்டை வெள்ளைத் தாளால் மெல்லத் துடைப்பார். அதுவரை நடந்த கதையைப் பின்னால் இருப்பவர்கள் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்வார்கள். முதலாவது படத்தின் இறுதிக்கட்டத்திலேயே சிறுவர்கள் உறங்கிப்போவதால், மூன்றாவதாகப் போட்ட படத்தைப் பற்றி இன்று உறுதியாகப் பேசக்கூடியவர்கள் பெரியவர்கள் மட்டுமே.

இப்படிப் பார்த்த படத்தில் படத்துக்குரிய விருப்பம் எவ்வளவு, அந்த இரவுக்குரிய விருப்பம் எவ்வளவு என்று பிரித்தறிவதே இந்த முழு முயற்சியின் கடினமான பகுதி. இரவுக்குரியதைக் கழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனிப்பட்ட பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கொப்பியில் படத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, பார்த்த ஆண்டு, பார்த்த இடமும் விதமும் என நான்கு நிரல்கள் கீறுங்கள். "தளபதி, 1991, 1996 அளவில், மாமி வீட்டு முற்றம், ஜெனரேட்டர்" என்று ஒரு பதிவு இருக்கும். "பரியேறும் பெருமாள், 2018, அதே ஆண்டு, கைத்தொலைபேசியில் தனியாக" என்று இன்னொன்று இருக்கும். பார்த்த ஆண்டு சரியாக நினைவில்லாவிட்டால் ஊரறிந்த நிகழ்வுகளை அடையாளமாகக் கொள்ளுங்கள்: 2002 பெப்ரவரியின் போர்நிறுத்த உடன்படிக்கைக்கு முன்னரா பின்னரா, 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னரா பின்னரா, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரா பின்னரா. சுனாமிக்கு முன்னர் என்று கரையோரத்தில் எவரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள், ஏனெனில் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியும் அது இருந்த வீடும் எப்போது வரை இருந்தன என்பதை மறப்பதற்கில்லை.

சேகரித்தல்

முதல் வாரம் இணையத்தைத் திறக்காதீர்கள். நினைவில் தானாக வருபவற்றை மட்டும் எழுதுங்கள், ஏனெனில் தேடாமல் வருவதற்குத் தனி மதிப்பு உண்டு. அப்படி வந்தவற்றின் அருகே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் விக்கிப்பீடியாவில் ஆண்டுவாரியாக இருக்கும் தமிழ்த் திரைப்படப் பட்டியல்களை, பிறந்த ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு உடன்பிறந்தவர்களிடமும், வாய்ப்பிருந்தால் அந்த டெக் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். பெயர் மறந்து ஒரு காட்சி மட்டும் நினைவிலுள்ள படங்களை லாத்தாவோ அக்காவோ அரை நிமிடத்தில் கண்டுபிடித்துத் தருவார்.

தமிழகப் படங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றை எவரும் மறப்பதில்லை. மறப்பது இந்த நாட்டுப் படங்களைத்தான். வயதில் மூத்தவர்களின் எல்லைக்குள் தர்மசேன பத்திராஜவின் பொன்மணியும் (1977) பிரேம்நாத் மொறாயஸின் வாடைக்காற்றும் (1978) வரக்கூடும். சவப்பெட்டியில் வந்தது தன் மகன் என்று நம்ப மறுக்கும் பார்வையற்ற தந்தையைப் பற்றிப் பிரசன்ன விதானகே எடுத்த புரஹந்த களுவர (1997), சுமதி சிவமோகனின் மலையகப் படமான இங்கிருந்து (2013) ஆகியவற்றைப் பார்த்தவர்கள் அவற்றையும் எழுதுங்கள். பார்க்காதவர்கள் கடமைக்காகச் சேர்க்க வேண்டாம்.

சலித்தெடுத்தல்

இப்போது உங்களிடம் இருநூறு பெயர்கள் இருக்கலாம். அவற்றை நாற்பதாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எதிரே, எந்த உதவியும் இல்லாமல் நினைவுக்கு வரும் ஒரு காட்சியை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். நடிகரின் பெயரும் "நல்ல படம்" என்ற எண்ணமும் மட்டும் எஞ்சியிருந்தால் அதை வெட்டிவிடலாம்.

அதன்பின் பாட்டு. தமிழ்ப் பார்வையாளருக்கு மட்டுமே உரிய சிக்கல் இது என்று சொல்லமாட்டேன், ஆனால் நமக்கு இது பெரிது. வானொலியில் ஆயிரம் முறை கேட்ட ஐந்து பாட்டுக்களைக் கொண்ட ஒரு படத்தை நாம் பல முறை பார்த்ததாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஒரு முறைகூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டோம். பாட்டுக்களின் வழியே மட்டும் வந்த படங்களுக்குக் குறி போட்டு, கதையை ஐந்து வாக்கியத்தில் சொல்ல முயலுங்கள். முடியாவிட்டால் உங்களுக்குப் பிடித்தது பாட்டு. நகைச்சுவைப் பகுதிக்கும் இதே சோதனைதான்: 2003 இல் வந்த வின்னர் படத்தில் வடிவேலுவின் கைப்புள்ளையை அறியாதவர் இல்லை, ஆனால் மீதிக் கதையைச் சொல்லக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். என் தீர்ப்பு இது: பாட்டு படத்தின் உடம்போடு பிறந்தது, அதற்காகப் படத்தைச் சற்று மேலே ஏற்றலாம், கழற்றி யூரியூப்பில் தனியாக ஓடவிட்டாலும் குறையாத நகைச்சுவைப் பகுதிக்காகப் படத்தை ஏற்றக் கூடாது. இதற்கு விதிவிலக்கு, மைக்கேல் மதன காமராஜன் (1990) போல முழுப் படமும் நகைச்சுவையாகவே பின்னப்பட்டவை.

நம்மைப் பற்றிய படங்கள்

இந்த வகைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். தன்னைப் பெற்றவளைத் தேடி ஒரு சிறுமி இலங்கைக்கு வரும் கன்னத்தில் முத்தமிட்டால் 2002 இல் வந்தது. ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்து, கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற தீபன் 2015 இல் வந்தது. இவற்றைப் பற்றி இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. சிலர் நம் கதை திரைக்கு வந்ததற்காகவே முதலிடம் கொடுப்பார்கள். சிலர், அது நம் கதையாக இல்லை என்ற கோபத்தில் பட்டியலுக்குள்ளேயே விடமாட்டார்கள். இரண்டும் படத்தின் மேல் வரும் விருப்பு வெறுப்பு அல்ல. நம் வாழ்க்கையைத் தொட்ட படத்தை மதிப்பிட ஒரு வழி, அதை மீண்டும் பார்க்க மனம் வருகிறதா என்று கேட்பது. கனதியான படம் என்று தலையசைத்துவிட்டு இனி ஒருபோதும் பார்க்க விரும்பாத படம் மரியாதைக்குரியது. அதன் இடம் சிறந்த படங்களின் பக்கம். வலித்தாலும் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும் படம் இந்தப் பட்டியலுக்கு உரியது.

மறுபார்வை

நாற்பதையும் மீண்டும் பார்க்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன் பார்த்துப் பிறகு பார்க்காதவற்றையும், பாட்டையோ காட்சியையோ வெட்டிய கசெட்டில் பார்த்தவற்றையும் மட்டும் பாருங்கள். மூன்று மணி நேரக் கசெட்டில் அடைப்பதற்காகக் குறைக்கப்பட்ட பிரதிகள் பல நம் கைக்கு வந்தன. அப்படிப் பார்த்த படத்தின் ஓட்டம் உண்மையான படத்தின் ஓட்டம் அல்ல, சில வேளை பிரதியே விறுவிறுப்பாக இருந்திருக்கும். மறுபார்வையைத் தனியாகச் செய்யுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்தால், அவர்கள் கைத்தொலைபேசியை எடுக்கும் நேரத்தில் எல்லாம் படத்துக்காக நீங்கள் வாதாடத் தொடங்கிவிடுவீர்கள்.

வரிசைப்படுத்துதல்

நாற்பது படங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 780 சோடிகள் வரும். அது வீண் வேலை. பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, மிகவும் பிடித்தவை, பிடித்தவை, ஐயத்துக்குரியவை என்று மூன்று கும்பல்களாகப் பிரியுங்கள். முதற் கும்பலில் ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். அடுத்ததை அதற்கு மேலோ கீழோ வையுங்கள். மேசையில் வரிசை நீளும்போது புதிய துண்டை நடுவில் உள்ள படத்தோடு முதலில் ஒப்பிடுங்கள். அதைவிடப் பிடித்தது என்றால் மேற்பாதியின் நடுவோடு, இல்லையென்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு ஒப்பிடுங்கள். இவ்வாறு செய்தால் நாற்பதாவது துண்டுக்குக்கூட ஆறு ஒப்பீடுகளுக்கு மேல் தேவைப்படாது. முதற் பத்து அமைந்த பின், அந்தப் பத்தையும் மட்டும் எல்லாச் சோடிகளாகவும் ஒப்பிடுங்கள். 45 சோடிகள், ஒரு மாலைப் பொழுதின் வேலை.

ஒப்பிடும்போது கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்க வேண்டும். "எது மேல்" என்று கேட்டால் மீண்டும் சிறந்த படம் என்ற அளவுகோல் நுழைந்துவிடும். "இந்த இரண்டில் ஒன்றை இனி ஒருபோதும் பார்க்க முடியாது என்றால் எதை விட்டுக்கொடுப்பேன்" என்று கேளுங்கள். கை தானாக நகரும்.

சில சோடிகள் ஒத்துவராது. ஆரண்ய காண்டத்தையும் (2011) 96 ஐயும் (2018) எதிரெதிரே வைத்துப் பார்த்தால், வடமோடிக் கூத்தையும் தென்மோடிக் கூத்தையும் விடிய விடியப் பார்த்தவரிடம் எது உயர்ந்தது என்று கேட்ட கதையாகிவிடும். அப்படிப்பட்ட சோடிகளைச் சமனாக விட்டுவிடலாம். அதேபோல், அன்பே சிவம் (2003) சேதுவைவிடப் (1999) பிடிக்கிறது, சேது தேவர் மகனைவிடப் (1992) பிடிக்கிறது, ஆனால் தேவர் மகன் அன்பே சிவத்தைவிடப் பிடிக்கிறது என்று வட்டம் போட்டு நின்றாலும் பதற வேண்டாம். விருப்பம் எப்போதும் நேர்கோட்டில் போவதில்லை. மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, அகர வரிசையில் எழுதுங்கள். பிரித்தானியத் திரைப்படச் சஞ்சிகையான சைட் அண்ட் சவுண்ட் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், ஒவ்வொரு விமர்சகரும் தரும் பத்துப் படங்களுக்கும் சம மதிப்பே கொடுக்கப்படுகிறது. அவர்களிடமே வரிசை கேட்கப்படாதபோது, பத்துக்குக் கீழே 27 ஆவதா 28 ஆவதா என்று நாம் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பதினொன்று முதல் நாற்பது வரை எண் இல்லாமல் ஒரே தொகுதியாக விடுவதே என் பரிந்துரை.

சாய்வைச் சரிபார்த்தல்

வரிசை அமைந்ததும், ஒவ்வொரு படத்தையும் எந்த வயதில் பார்த்தீர்கள் என்று மூன்றாவது நிரலிலிருந்து கணக்கிடுங்கள். நடுவயது கடந்தவர்களின் நினைவில் ஏறத்தாழ பத்து முதல் முப்பது வயது வரையான அனுபவங்களே மிகுதியாகத் தங்கியிருக்கும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. ஆகவே முதற் பத்தில் எட்டு அந்த வயதில் பார்த்தவையாக இருந்தால் வியப்பில்லை. பத்தும் அப்படியே இருந்தால், முப்பதுக்குப் பிறகு பார்த்தவற்றுக்குச் சரியான வாய்ப்புக் கொடுத்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். எதிர்ப்பக்கச் சாய்வும் உண்டு: சென்ற மாதம் பார்த்த படம் எப்போதும் உயரமாகத் தெரியும். பார்த்து ஓராண்டு ஆகாத படத்துக்கு எண் கொடுக்காமல், காத்திருப்பு என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். ஒரே இயக்குநரின் படங்கள் நான்கைந்து வந்துவிட்டால் குறைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. மணிரத்னமோ வெற்றிமாறனோ உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமென்றால் பட்டியல் அதைச் சொல்லட்டும்.

எழுதி முடித்தல்

இறுதிப் பிரதியில் எண், படத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, இயக்குநர், பார்த்த ஆண்டும் இடமும், அதன்பின் காரணம் ஒரு வரியில். காரணத்தில் "அருமை", "சூப்பர்" போன்ற சொற்களுக்குப் பதிலாக, சலித்தெடுக்கும்போது எழுதிய காட்சியையே விரித்து எழுதுங்கள். மேலே திகதியைப் போடுங்கள், ஏனெனில் இது அந்தத் திகதியின் பட்டியல். சைட் அண்ட் சவுண்ட் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை முதலிடத்தில் இருந்த சிட்டிசன் கேன் 2012 இல் வெர்ட்டிகோவுக்கு வழிவிட்டது, 2022 இல் அதுவும் இறங்கி ஜான் டீல்மான் முதலிடத்துக்கு வந்தது. தனி மனிதரின் மனம் அதைவிட வேகமாக மாறும்.

புதுப் படம் ஒன்று ஓராண்டுக் காத்திருப்பை முடித்ததும் அதை நேரே முதற் பத்தோடு ஒப்பிட வேண்டாம். எண் இல்லாத முப்பதின் நடுவில் ஒரு படத்தோடு தொடங்குங்கள். அங்கே வென்றால் பத்தாவதோடும், பத்தாவதை வென்றால் ஐந்தாவதோடும் ஒப்பிடுங்கள். உள்ளே வந்தால் வெளியேறும் படத்தை அழிக்காமல் ஒரு கோடு கீறி, அருகே திகதியை எழுதுங்கள். அடுத்த முறை துண்டுத் தாள்களைப் பரப்பும்போது, கோடு கீறப்பட்டவற்றையும் சேர்த்தே பரப்ப வேண்டும்.